சுவரைக் கேட்டுப் பெயிண்ட் வாங்குங்கள்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மூன்றாவதாக ஒன்றை விட்டுவிட்டார்கள். "எல்லாரும் ஒத்துக்கிற மாதிரி வீட்டுக்குள்ளே பெயிண்ட் அடிச்சுப் பார்!" கட்டுவதற்குக் கொத்தனார் இருக்கிறார். கல்யாணத்துக்குத் தரகர் இருக்கிறார். பெயிண்ட் விஷயத்தில் மட்டும் வீட்டில் உள்ள அத்தனை பேரும் எக்ஸ்பர்ட்!

நண்பர்களே, நம்மில் சிவில் படிப்பவர்களுக்கு பெயிண்ட், வார்னிஷ், டிஸ்டெம்பர் பற்றிப் பாடமே உண்டு. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உருப்போட்டு, மறுநாள் மத்தியானம் மறந்துவிடுகிற பாடம். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு அதுவும் கிடையாது. ஆனால் நான்கு சுவரும் மேலே ஒரு கூரையும் எல்லாருக்கும் உண்டல்லவா? அதனால் எங்கள் வீட்டில் நடந்த ஒரு பெரிய விவாதத்தை இந்த மலரில் உங்கள் முன் வைக்கிறேன்.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வீடு. முன் ஹால் தாத்தா கட்டியது. சுண்ணாம்புச் சாந்து பூசிய செங்கல் சுவர். மேலே மெட்ராஸ் டெரஸ். அதாவது தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அதன் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்பால் கட்டியது. பின்னால் இருக்கிற ஒரு ரூமும் அடுப்படியும் 1994-ல் அப்பா சேர்த்தது. சிமெண்ட் பூச்சு, கான்கிரீட் கூரை. ஆக ஒரே வீட்டுக்குள் இரண்டு காலம், இரண்டு வகைச் சுவர். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

எங்கள் அக்காவுக்கு ஆறாவது மாதம். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து நம் வீட்டுக்குத்தான் வரவேண்டும். அம்மா ஹால் சுவரைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"ஏல, புள்ளத்தாச்சிப் பொண்ணு வாரா. சம்பந்தி வீட்டு ஆளுக வரும் போகும். சுவரு இப்பிடியா இருக்கது?"

அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார். "எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிச்சிருவோம். பளிச்சுன்னு இருக்கும்."

கையில் இருந்தது 22 ஆயிரம். பெயிண்டர் அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, பழசை எல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுத்துருவோம். ரெண்டு கோட்டு பட்டி பார்த்து, ஒரு பிரைமர், ரெண்டு கோட்டு எமல்ஷன். கண்ணாடி மாதிரி ஆக்கித் தாரேன்" என்றார். சித்தி ரோஸ் கலர் என்றாள். மாமா போனில் கூப்பிட்டு, வாஸ்துப்படி இளம்பச்சை என்றார். ஆச்சி மட்டும் ஒன்றும் பேசவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தாள்.

யாரும் சுவரைக் கேட்கவில்லை!

ஹால் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் ஈரம் ஏறும். பழைய வீடு. அஸ்திவாரத்துக்கு மேலே ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணில் இருக்கிற தண்ணீர், திரியில் எண்ணெய் ஏறுவது போல, செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலே ஏறுகிறது. வரும்போது உப்பையும் கரைத்துக் கொண்டு வருகிறது. சுவரின் முகத்துக்கு வந்து தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தங்கிவிடும். அதைத்தான் 'உப்புப் பூக்குது' என்கிறோம்.

2019-ல் ஹாலின் ஒரு பக்கச் சுவருக்கு மட்டும் வேறொரு ஆள் வந்து எமல்ஷன் அடித்துவிட்டுப் போனார். அந்தத் தீபாவளிக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. மழை முடிந்ததும் அப்பளம் பொரிந்த மாதிரி உப்பி, தொட்டால் கையோடு வந்தது. காரணம் என்ன? எமல்ஷன் என்பது அக்ரிலிக் பிசின். காய்ந்தால் மெல்லிய பிளாஸ்டிக் தோல் மாதிரி படியும். உள்ளே இருந்து வருகிற ஈரத்தையும் உப்பையும் அது சுலபத்தில் வெளியே விடாது. சுவர் மூச்சு விடப் பார்க்கிறது, நாம் அதன் வாயைப் பொத்துகிறோம்.

இதற்கு நம் முன்னோர் கண்டுபிடித்த மருந்து ஆச்சியின் வெற்றிலைப் பெட்டியிலேயே இருக்கிறது. சுண்ணாம்பு!

கெமிஸ்ட்ரியைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். சுண்ணாம்புக் கல்லைக் காளவாசலில் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு, கால்சியம் ஆக்ஸைடு. அதில் தண்ணீர் ஊற்றினால் தளதளவென்று கொதித்து நீர்த்த சுண்ணாம்பு ஆகிவிடும். அதைக் கரைத்துச் சுவரில் அடித்தால், காற்றில் இருக்கிற கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகும். அதாவது கல்லாக இருந்து, தூளாகி, பாலாகி, கடைசியில் நம் சுவரின் மேல் திரும்பவும் கல்லாகிவிடுகிறது. தோல் மாதிரி மேலே ஒட்டாமல் சுவரோடு சேர்ந்துவிடுகிறது. ஈரம் வந்தாலும் வழிவிடும். காரத்தன்மை அதிகம் என்பதால் பூஞ்சைக்கு எளிதில் இடம் கொடுக்காது. சுண்ணாம்புச் சாந்தைப் பளிங்காக மெருகேற்றிய செட்டிநாட்டு வீடுகளை இன்றைக்கும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறோமே, அந்தப் பளபளப்புக்கு அடியிலும் இதே கெமிஸ்ட்ரிதான்.

ஆனால் இதில் குறையே இல்லையா? உண்டு. சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டும். சோப்புப் போட்டுத் துடைக்க முடியாது. சில வருஷத்துக்கு ஒரு தரம் அடிக்க வேண்டும். எமல்ஷன் படலத்தின் மேல் சுண்ணாம்பு ஒழுங்காகப் பிடிக்காது, பழையதை எடுத்தே ஆகவேண்டும். இத்தனையும் சொல்லித்தான் அப்பாவிடம் கேட்டேன்.

"சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாக? வசதி இல்லாம வெள்ளையடிச்சு வெச்சிருக்கோம்னு நெனைக்க மாட்டாகளா?" என்றார் அப்பா.

இதற்கு டெக்ஸ்ட் புக்கில் பதில் இல்லை. ஆச்சிதான் வாயைத் திறந்தாள். "உன்னையும் உன் தங்கச்சியையும் இதே வெள்ளையடிச்ச ஹால்லதான் பெத்தேன். என்ன கொறைஞ்சு போயிட்ட?"

ஹால் பிரச்சனை அத்துடன் தீர்ந்தது.

பின் ரூம் வேறு கதை. அது சிமெண்ட் சுவர், காய்ந்த சுவர். அங்கே எமல்ஷன் தாராளமாக அடிக்கலாம். அக்காவும் குழந்தையும் படுக்கப் போகிற ரூம் அதுதான். துடைக்கிற மாதிரி இருக்க வேண்டும், நெடி இருக்கக் கூடாது. எண்ணெய் பெயிண்டுக்குத் தின்னரோ டர்பன்டைனோ வேண்டும், அதன் ஆவி தலையைச் சுற்ற வைக்கும். எமல்ஷனுக்குக் கரைப்பான் தண்ணீர். டிஸ்டெம்பரும் தண்ணீர்தான். ஆனால் அதில் சாக்பவுடர் மாதிரியான நிரப்பி அதிகம், பிசின் குறைவு. அதனால் விலை குறைவு, அழுத்தித் துடைத்தால் கரையும். கை படாத இடத்துக்கு அது போதுமே! கூரையை யார் துடைக்கப் போகிறார்கள்? எனவே கூரைக்கு வெள்ளை டிஸ்டெம்பர், சுவருக்கு எமல்ஷன். அடுப்படியில் தாளிக்கிற எண்ணெய்ப் புகை படியும். அங்கே லேசாக மினுமினுப்பு உள்ள, துடைக்கக் கூடிய எமல்ஷன்.

கூரைக்கு ஏன் எப்போதும் வெள்ளை? நல்ல வெள்ளை தன் மேல் விழும் வெளிச்சத்தில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தரும். ஜன்னல் சின்னதாக உள்ள வீட்டில் கூரைதான் இரண்டாவது பல்பு! பளபளப்பு இல்லாத மேட் வகையாக இருக்கட்டும். பளபளப்பானது அடித்தால் கான்கிரீட்டின் மேடுபள்ளம் எல்லாம் டியூப்லைட் வெளிச்சத்தில் எட்டிப் பார்க்கும். பெயிண்டின் அந்த வெள்ளைக்குக் காரணம் டைட்டானியம் டை ஆக்ஸைடு. அது எடுக்கும் இல்மனைட் தாது நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கிறது. கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கிற மணல், நம் தலைக்கு மேல் வெள்ளையாகிறது. வேடிக்கைதானே!

எவ்வளவு பெயிண்ட் வாங்குவது? இங்கேதான் நம் எஸ்டிமேஷன் பாடம் உதவியது. ரூம் 12-க்கு 10 அடி, உயரம் 10 அடி. நான்கு சுவரும் சேர்த்து 440 சதுர அடி. கதவு 21, இரண்டு ஜன்னல் 24 சதுர அடி. கழித்தால் 395. நாங்கள் பார்த்த டப்பாவில் லிட்டருக்கு ஒரு கோட் 120 சதுர அடி என்று போட்டிருந்தது. இரண்டு கோட்டுக்கு 790 சதுர அடி, 120 ஆல் வகுத்தால் ஏழு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கடைக்காரர் "பத்து லிட்டர் டப்பாவா எடுத்துக்கோங்க, எப்பவும் வேணும்" என்றார். பேப்பரில் கணக்கைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே நாலு லிட்டர் ஒன்று, ஒரு லிட்டர் மூன்று எடுத்து வைத்தார்.

கலர் விஷயத்துக்கும் ஒரு வழி கண்டோம். ஷேட் கார்டில் தபால்தலை அளவில் பார்க்கிற நிறம், நாலு சுவரிலும் ஏறும்போது ஒன்றின் வெளிச்சம் இன்னொன்றில் பட்டு இன்னும் அடர்த்தியாகத் தெரியும். அதனால் மூன்று ஷேடில் சின்ன டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி சுவரிலேயே அடித்துக் காட்டினேன். காலை வெயிலில் ஒரு பார்வை, ராத்திரி எல்.இ.டி. வெளிச்சத்தில் ஒரு பார்வை. சித்தியின் ரோஸ் ராத்திரியில் ரோஸ் மில்க் மாதிரி தெரிந்தது. அவளே "வேண்டாம்ப்பா" என்றுவிட்டாள். வெளிர் சந்தன நிறம் ஜெயித்தது.

இதுவரை சொன்னது பணக் கணக்கும் அழகுக் கணக்கும். இனிச் சொல்லப் போவதுதான் உயிர்க் கணக்கு. நண்பர்களே, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

பின் ரூமின் கதவு, ஜன்னல், சுவரின் கீழே மூன்றடி உயரத்துக்குப் பட்டை எல்லாம் 1994-ல் அடித்த பச்சை எனாமல். அங்கங்கே செதில் செதிலாக எழும்பி நின்றது. பெயிண்டர் அண்ணன் உப்புத்தாளைக் கையில் எடுத்து, காய்ந்த சுவரிலேயே தேய்க்கத் தயாரானார். "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று தடுத்தேன்.

பழைய எனாமல் பெயிண்ட் பலவற்றில் காரீயம், அதாவது லெட், கலந்திருந்தது. நிறம் எடுப்பாக இருக்கவும், சீக்கிரம் காயவும் அதைச் சேர்த்தார்கள். நம் நாட்டில் வீட்டு பெயிண்டுகளுக்கான காரீய விதிகள் 2016-ல் வந்தன. பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்பது 2017 நவம்பரிலிருந்துதான் கட்டாயம். அதற்கு முன்னால் அடித்ததில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் புத்தி.

சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்கிற வரை அது சும்மா இருக்கும். காய்ந்தபடி தேய்த்தால் தூசியாகும். மூச்சில் போகும், தரையில் படியும், தவழ்கிற குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணியின் ரத்தத்திலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். யாருக்காக வீட்டை அழகு பண்ணுகிறோமோ, அந்தப் பிள்ளைக்கே தூசியை எடுத்து ஊட்டுவதா?

பெயிண்டர் அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்.

"இருபது வருஷமா உப்புத்தாள் பிடிக்கிறேன் தம்பி. எந்த இன்ஜினியரும் இதைச் சொன்னதில்ல. வேலை முடிஞ்சு இதே சட்டையோடதான் வீட்டுக்குப் போவேன். வாசல்ல கால் வெச்சதும் சின்னவ ஓடி வந்து கட்டிப் பிடிப்பா... அதுவும் தப்பா?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதுவரை நான் எங்கள் வீட்டுக் குழந்தையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தேன். தூசி முதலில் போவது அவர் மூச்சுக்குள். அவர் சட்டையில் ஏறிப் போவது இன்னொரு குழந்தையிடம். பெயிண்டர் வேலையே புற்றுநோய் அபாயம் உள்ள தொழில் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1989-லேயே வகைப்படுத்திவிட்டது. அந்தச் செய்தி இத்தனை வருஷத்தில் எங்கள் ஊர்ச் சாரம் வரை ஏறி வரவில்லை.

"ஆமாண்ணே, அதையும் மாத்தணும்" என்றேன்.

அதன்பின் வேலையை அவரே மாற்றி அமைத்தார். கெட்டியாக ஒட்டியிருந்த எனாமலைச் சுரண்டவே இல்லை. மேற்பரப்பை மட்டும் வாட்டர் பேப்பரால் சோப்புத் தண்ணீர் தொட்டு ஈரமாகவே தேய்த்தார். எழும்பி நின்ற செதில்களை நனைத்துத் தகட்டால் எடுத்தார். தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்தோம். விழுந்த சேற்றைப் பழந்துணியால் வழித்து, கவரில் கட்டித் தனியாக அப்புறப்படுத்தினோம். துளசி மாடத்துப் பக்கம் கொட்டவில்லை. அவருக்கு நல்ல மாஸ்க் வாங்கினோம். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவினார். சாயந்தரம் கிணற்றடியில் குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பழைய எனாமலை மூடி, தண்ணீரில் கரைகிற எனாமல் இரண்டு கோட். அத்தனை நாளும் அக்கா இந்தப் பக்கமே வரவில்லை.

முதலில் கூரை, பிறகு சுவர், கடைசியில் கதவு என்று வேலை நடந்தது. ஹாலில் 2019 எமல்ஷனை நனைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு, தண்ணீர் தெளித்து, மூன்று கோட் சுண்ணாம்பு. முதல் கோட் அடித்ததும் அப்பா பதறிவிட்டார். "என்னப்பா, ஒண்ணுமே தெரியலையே!" சுண்ணாம்பு ஈரத்தில் கண்ணாடி மாதிரிதான் தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும். அது தெரியாமல் கெட்டியாகக் கரைத்து அப்பினால் பிற்பாடு உதிர்ந்துவிடும். மெல்லிசாக மூன்று தரம், கோட்டுக்கு ஒரு நாள். மூன்றாம் நாள் சாயந்தரம் தேக்குக் கட்டைகளுக்கு நடுவே ஹால் கூரை பால் மாதிரி நின்றது. 22 ஆயிரத்தில் கொஞ்சம் மிச்சமும் ஆனது. ஜன்னலைத் திறந்து போட்டு மூன்று வாரம் ஆறவிட்டுத்தான் அக்காவை அழைத்து வந்தோம்.

சம்பந்தி வீட்டு அத்தை வந்தார்கள். "ஹாலுக்கு மட்டும் சுண்ணாம்பாக்கும்?" என்று கேட்டார்கள். அப்பா தலையைக் குனியவில்லை. மெட்ராஸ் டெரஸ், ஈரம், உப்பு என்று என்னை விட நன்றாக விளக்கினார்! அத்தை மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "குளுகுளுன்னுதான் இருக்கு" என்றார்கள். மருமகள் பிறந்தாள். அதன் பிறகு ஒரு ஐப்பசியும் வந்து போனது. சுவரின் கீழே லேசாக உப்புப் பூத்தது, துடைப்பத்தால் தட்டிவிட்டோம். உப்பவில்லை, உரியவில்லை.

தோழர்களே! நாளைக்கே நாம் சைட்டுக்குப் போவோம். சூப்பர்வைசர் என்று ஒரு நோட்டும் பேனாவும் கையில் தருவார்கள். எஸ்டிமேட்டின் கடைசிப் பக்கத்தில் 'பெயிண்டிங்' என்று ஒரு வரி இருக்கும். வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத் தேதியைச் சொல்லி அவசரப்படுத்துவார். புதுப் பூச்சு 28 நாளாவது ஆறட்டும் என்று அப்போது தைரியமாகச் சொல்லுங்கள். பச்சைச் சிமெண்டின் காரம் எண்ணெய் பெயிண்டைச் சோப்பாக்கிவிடும். பழைய வீடு என்றால் சுண்ணாம்புச் சுவரா, சிமெண்ட் சுவரா, ஈரம் எங்கே, பழைய எனாமல் எங்கே என்று தட்டிப் பாருங்கள். அந்த ரூமில் யார் படுக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். கலர் என்னவென்று அப்புறம் கேட்கலாம்.

எஸ்டிமேட்டில் இன்னொரு வரியும் சேர்த்து எழுதுங்கள்: பெயிண்டருக்கு மாஸ்க், சோப்பு, மாற்றிக்கொள்ள இடம். பெரிய செலவில்லை. எழுதுகிற அதிகாரம் இருப்பது நம் கையில்தான். நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.